ஜித்தாவில் சட்டம் எது, வழக்கம் எது?

ஜித்தாவுக்கு வந்து இறங்குபவர் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. சிக்னலில் பச்சை விளக்கு விழுவதற்கும் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பதற்கும் நடுவே நேரம் என்று ஒன்று கிடையாது. விளக்கு மாறும் முன்பே அடித்துவிடுவார்களோ என்றுகூடத் தோன்றும். இவ்வளவு அவசரமாக எங்கே போகிறார் என்று பார்த்தால், அதே மனிதர் அடுத்த திருப்பத்தில் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, எதிரே வந்த நண்பரிடம் கண்ணாடியை இறக்கி நலம் விசாரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு நலம், வீட்டாருக்கு நலம், தகப்பனாருக்கு நலம், மறுபடியும் அவருக்கு நலம். பின்னால் நிற்கும் நாம் ஹாரன் அடித்தால் கோபப்பட மாட்டார். ஐந்து விரல்களையும் நுனியில் குவித்து, மேல்நோக்கிப் பிடித்து, லேசாக ஆட்டிக் காட்டுவார். புதிதாக வந்தவர்களுக்கு இது மிரட்டல் போலத் தெரியும். அதன் பொருள் "கொஞ்சம் பொறு" என்பது மட்டுமே.

இதுபோன்ற சின்னச் சின்னச் சங்கதிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவது நம் வழக்கம். ஊருக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் காட்டவும் வசதி. ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் சவூதி அரேபியா மாறியிருக்கும் வேகத்தில், இந்தச் சின்னச் சங்கதிகள் வேறொரு கேள்விக்கு விடை தருகின்றன. ஒரு சட்டமோ சுற்றறிக்கையோ எடுக்கப்பட்ட மறுநாள் எந்தப் பழக்கம் காணாமல் போனது, எது அப்படியே நின்றது என்று கவனித்தால் போதும். மார்க்கம் என்று நாம் நினைத்திருந்ததில் எது மார்க்கம், எது அரசாணை, எது வெறும் ஊர் வழக்கம் என்பது ஓரளவு பிரிந்து தெரிகிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். ஜித்தாவை வைத்துச் சவூதி முழுவதையும் எடை போடக் கூடாது. ரியாத்காரர்களே அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஹிஜ்ரி 26-இல், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், மக்காவின் துறைமுகமாக ஆன ஊர் இது. அதன்பின் கடல் வழியே ஹஜ்ஜுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போகவில்லை. அதனால் ஜித்தாவின் பழைய குடும்பப் பெயர்களே ஒரு வரைபடம் போல இருக்கும். "பா" என்று தொடங்கினால் பெரும்பாலும் ஹளரமவ்த். புகாரி என்றால் மத்திய ஆசியா. ஹிந்தி, ஜாவி, மிஸ்ரி, மக்ரிபி என்றெல்லாம் பெயர் கொண்டவர்கள் பல தலைமுறைகளாகச் சவூதிக் குடிமக்கள்.

உணவும் அப்படியே. காலையில் ஃபூலுடன் சாப்பிடும் தமீஸ் ரொட்டியைத் தந்தூர் அடுப்பில் சுடுபவர் ஆப்கானியர். வெள்ளிக்கிழமை மதியம் வரிசை நிற்கும் மந்தி யமனுடையது. புகாரி சோறு பெயரிலேயே ஊரைச் சொல்கிறது. தெருவோரத்தில் மாவை வீசி விரித்து, முட்டையும் கறியும் வைத்து மடித்துச் சுடும் முதப்பக்கைப் பார்த்ததும் நம்மவர்கள் "அட, முர்தபா!" என்பார்கள். அதேதான். மடிக்கப்பட்டது என்ற பொருள் கொண்ட அரபுச் சொல்தான் கடல் கடந்து நம் நாவில் அப்படித் திரிந்திருக்கிறது.

பழைய நகரமான பலத் பகுதியில் பவளப்பாறைக் கல்லால் கட்டிய வீடுகளும், அவற்றின் முகப்பில் ரோஷன் எனப்படும் மரச்சாளரங்களும் இருக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தப் பகுதி சேர்ந்தது. அந்தச் சாளரங்களுக்குத் தேக்கு வந்தது இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும். அங்கே பைத் நஸீஃப் என்ற மாளிகையின் வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குள் இருந்த ஒரே மரம் என்று பெயர் பெற்றது. முகவரி சொல்லும்போது "மரம் இருக்கும் வீடு" என்றாலே போதுமாம். 1925 இறுதியில் மன்னர் அப்துல் அஜீஸ் ஜித்தாவுக்குள் வந்தபோது தங்கியது அந்த வீட்டில்தான். நம்மவர்கள் அந்த மரத்தின் கீழ் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பாமல் திரும்புவதில்லை. சவூதியில் போய் வேப்பமரத்தைப் படமெடுக்கிறோமே என்று பிறகுதான் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்நாட்டுக்கு வந்து போன எவரும் மறக்காத காட்சி, தொழுகை நேரத்தில் இறங்கும் கடை ஷட்டர். பாங்கு சொல்லச் சில நிமிடங்கள் இருக்கும்போதே விளக்கை அணைப்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் கூடையும் கையுமாகச் சிலர் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். பெட்ரோல் பங்கில் வண்டிகள் வரிசையில் அணைந்து நிற்கும். தொழப் போனவர்கள் போக, மற்றவர்கள் கடைப் படியில் உட்கார்ந்து ஷட்டர் ஏறும்வரை காத்திருப்பார்கள். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் மாலை நேரத்தில் ஒரு சாமான் வாங்குவதற்கே கணக்குப் போட்டு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். அந்தக் கணக்கு கைவந்தவரைத்தான் பழைய ஆள் என்று சொல்வார்கள்.

2021 ஜூலையில் சவூதி வர்த்தக சபைகளின் கூட்டமைப்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கொரோனா காலத்தில் கடை வாசல்களில் கூட்டம் சேர்வதைத் தவிர்க்க, தொழுகை நேரத்திலும் கடைகள் திறந்திருக்கலாம் என்றது. அவ்வளவுதான். கொரோனா போய்விட்டது, ஷட்டர்கள் திரும்ப இறங்கவில்லை. 2016 ஏப்ரலிலேயே நன்மையை ஏவும் வாரியத்தினரிடமிருந்து துரத்திப் பிடிக்கும், கைது செய்யும் அதிகாரங்கள் எடுக்கப்பட்டுவிட்டன என்பதால், கதவைத் தட்டி "ஸலாஹ், ஸலாஹ்" என்று சொல்ல வெளியே யாரும் வருவதுமில்லை.

இதைப் பற்றி நம் அறைகளில் இரண்டு கட்சிகள் உண்டு. மார்க்கம் போய்விட்டது என்று ஒரு கட்சி. நல்லதுதான், இனி நேரம் வீணாகாது என்று இன்னொரு கட்சி. இரண்டு பேருமே ஒரு விஷயத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள். பள்ளிவாசலில் வரிசைகள் குறைந்துவிடவில்லை. தொழுதவர்கள் இன்றும் தொழுகிறார்கள். படியில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் இப்போது உள்ளே சாமான் வாங்குகிறார்கள். பலத் பகுதியில் சில பழைய கடைக்காரர்கள் யாரும் சொல்லாமலேயே இன்னும் ஒரு துணியை வாசலின் குறுக்கே இழுத்துவிட்டுப் போகிறார்கள். பொருள் எதுவும் களவு போவதாகத் தெரியவில்லை.

மாற்றம் யாரைத் தொட்டது என்றால், கடையில் வேலை செய்பவரை. காலை எட்டு மணிக்கு நிற்கத் தொடங்கி இரவு பதினொன்று வரை நிற்கும் ஒரு பகாலா ஊழியருக்கு, ஒரு துணிக்கடை விற்பனையாளருக்கு, அந்த நான்கு வேளை அரைமணி நேரங்கள் தொழுகையோடு சேர்ந்த ஓய்வாகவும் இருந்தன. தொழுதுவிட்டு வந்து பத்து நிமிடம் கால் நீட்டலாம், ஊருக்கு ஒரு போன் போடலாம். முதலாளி கேட்க முடியாது. கேட்டால் அவருக்குத்தான் சிக்கல். இப்போது என்ன நடக்கிறது? ஒருவர் பின்னறைக்குப் போய்த் தொழுதுவிட்டு வர, அடுத்தவர் போகிறார். கல்லாவில் ஆள் இருக்க வேண்டுமே. ஜமாஅத் தவறுகிறது என்ற வருத்தத்தைச் சொன்னவர்களைவிட, உட்கார நேரமில்லை என்று சொன்னவர்களைத்தான் நான் அதிகம் கண்டேன். தொழிலாளர் சட்டத்தில் ஓய்வு நேரம், தொழுகை நேரம் பற்றியெல்லாம் இருக்கிறது. ஆனால் ஷட்டர் இறங்குவதைப் போல அதைக் கண்ணால் காட்டி உறுதிப்படுத்த வேறு ஏற்பாடு இல்லை. விமர்சனம் செய்யும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

அதே 2021-இல், மே மாதம், பள்ளிவாசல்களின் வெளி ஒலிபெருக்கிகளைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டும் பயன்படுத்த வேண்டும், ஒலி அளவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று இஸ்லாமிய விவகார அமைச்சகம் உத்தரவிட்டது. இந்தச் செய்தி நம்மூரில் வேறு நோக்கத்தோடு சுற்றவிடப்பட்டது அனைவருக்கும் நினைவிருக்கும். இங்கே அடுத்தடுத்த தெருவில் பள்ளிவாசல்கள். நான்கு இமாம்களின் கிராஅத் ஒரே நேரத்தில் ஒரு வீட்டுக்குள் கலந்து ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த உத்தரவின் காரணம் விளங்கும். பாங்கு எப்போதும் போல் ஐந்து வேளையும் ஒலிக்கிறது.

உணவகங்களில் இரண்டு வாசல்கள் இருந்த கதையும் இப்படித்தான். ஒன்று குடும்பத்தினருக்கு, மற்றொன்று தனி ஆண்களுக்கு. இரண்டு வாசல் கட்டாயமில்லை என்று 2019 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். புதிய காபிக் கடைகளில் இப்போது ஒரே வாசல், ஒரே கூடம். ஆனால் கொஞ்சம் பழைய மந்திக் கடைக்குப் போய்ப் பாருங்கள். தடுப்புத் திரை போட்ட அறைகள்தான் முதலில் நிரம்புகின்றன. குடும்பத்தோடு வரும் சவூதிகள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அபாயாவும் அப்படியே. கறுப்பு அபாயா சட்டக் கட்டாயம் இல்லை என்று பட்டத்து இளவரசர் 2018-இலேயே பேட்டியில் சொல்லிவிட்டார். ஜித்தாவில் நிறங்கள் கூடின, தையல் மாறியது. ஆனால் பெரும்பாலான பெண்கள் அபாயாவை விடவில்லை. முகம் மூடிய பெண்மணி ஒருவர் தானே காரை ஓட்டிவந்து, முகம் திறந்த இளம் காசாளரிடம் பணம் கட்டிப் போவதை இப்போது எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் பார்க்கலாம். இருவரும் சவூதிப் பெண்கள். பெண்கள் வண்டி ஓட்ட அனுமதி வந்தது 2018 ஜூன் 24. வேலையில் பெண்களின் பங்கு 2030-க்குள் 30 சதவீதம் என்று வைத்த இலக்கைப் பல ஆண்டுகள் முன்னதாகவே தாண்டிவிட்டார்கள். இதில் நமக்கு வியப்புத் தருவது சட்டத்தின் மாற்றம் அல்ல. அதை இந்த ஊர் சத்தமில்லாமல் செரித்துக்கொண்ட விதம்தான்.

உணவகக் கதவு போனாலும் போகாத தடுப்பு ஒன்று இருக்கிறது. வீடு வாடகைக்குத் தேடிப் பாருங்கள். "குடும்பங்களுக்கு மட்டும்" என்ற பலகை அப்படியேதான் தொங்குகிறது. நான்கு பிள்ளை பெற்ற ஐம்பது வயதுக்காரர்கூட, மனைவி ஊரில் இருந்தால் இங்கே "பேச்சிலர்"தான். இந்தச் சொல்லை நாமும் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறோம்.

2017-க்குப் பிறகு அப்படிப்பட்ட பேச்சிலர்கள் பெருகிவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில், உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 100 வீதம் ஏறி, 2020 ஜூலையில் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரியால். இகாமா புதுப்பிக்கும்போதே கட்ட வேண்டும். மதிப்புக்கூட்டு வரி 2018 ஜனவரியில் 5 சதவீதமாக வந்து, 2020 ஜூலையில் 15 ஆனது. பெட்ரோல் விலை தனி. ஒரு காலத்தில் தண்ணீரைவிட பெட்ரோல் மலிவு என்று சொல்லிச் சிரிப்போம். 91 ரகம் லிட்டர் 45 ஹலலாவாக இருந்தது, 2021 ஜூலையில் 2.18 ரியாலில் உச்சவரம்பு வைத்தார்கள். நாலாயிரம், ஐந்தாயிரம் ரியால் சம்பளக்காரர் என்ன செய்வார்? பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் குடும்பத்தை எக்ஸிட்டில் அனுப்பிவிட்டு, நான்கு பேர் தங்கும் அறைக்குக் கட்டிலோடு குடிபெயர்ந்தார். அந்த மாதங்களில் ஷரஃபிய்யாவிலும் அஸீஸிய்யாவிலும் மின்கம்பங்களில் எல்லாம் ஃபிரிட்ஜ், சோபா, தொட்டில் விற்பனைக்கு என்று துண்டுத் தாள்கள். தொட்டில் விற்பனை அறிவிப்பைப் படிப்பது ஒருமாதிரியாக இருக்கும்.

பகாலாவுக்கு வருவோம். மூலைக் கடை என்று நாம் சொல்வதுதான் இங்கே பகாலா. அதன் வாசலில் காரை நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடித்தால் உள்ளிருந்து ஒரு பையன் ஓடிவருவான். தண்ணீர் புட்டி ஒன்று, ரொட்டி ஒன்று, மோர் ஒன்று. காரில் உட்கார்ந்தபடியே வாங்கி, காரில் உட்கார்ந்தபடியே காசு கொடுத்து, மீதியை வாங்காமலும் போவதுண்டு. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ஏசி காரிலிருந்து ஒருவர் ஹாரன் அடித்து இன்னொருவரை ஓடவைப்பதை ஆரம்பத்தில் என்னால் சகிக்க முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து நானே அடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பையன் பெரும்பாலும் மலையாளி, சில இடங்களில் நம்மவர், இன்னும் சில இடங்களில் வங்காளதேசத்தவர் அல்லது யமனியர். கடை பெயருக்குச் சவூதியுடையது. உண்மையில் அதை நடத்துபவர் மாதாமாதம் கஃபீலுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர். இதற்குப் பெயர் தஸத்துர், அதாவது மறைப்பு. பல பத்தாண்டுகள் இரு தரப்புக்கும் வசதியான ஏற்பாடாக ஓடியது. எழுத்தில் எதுவும் இருக்காது, எல்லாம் வாக்கில்தான். வாக்கு சரியாக இருந்தவரை குடும்பங்கள் வாழ்ந்தன. கஃபீல் இறந்து மகன் பொறுப்புக்கு வந்த இடங்களில், இருபது வருட உழைப்பை விட்டுவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறியவர்களும் உண்டு. எழுத்து இல்லாததால் எங்கும் முறையிட வழியில்லை.

2020 மே மாதத்தில் பகாலாக்களில் கார்டு இயந்திரம் கட்டாயமானது. கல்லாவில் ஓடும் பணம் கணக்கில் தெரிய ஆரம்பித்தது. அதே ஆண்டு மறைப்பு வணிகத்துக்கு எதிரான புதிய சட்டமும் வந்து, திருத்திக்கொள்ளும் அவகாசம் 2022 பிப்ரவரியில் முடிந்தது. அதற்கு முன்பே, 2016 செப்டம்பருக்குள் மொபைல் கடைகளில் விற்பனையும் பழுதுபார்ப்பும் முழுக்கச் சவூதிகளுக்கே என்றாகி, ஷரஃபிய்யாவிலும் பலத்திலும் வரிசையாகக் கடைகள் கைமாறின. தம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று ஒரு நாடு நினைப்பதைத் தவறு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3 கோடியே 22 லட்சம், அதில் 41.6 சதவீதம் வெளிநாட்டவர். குடிமக்களில் 63 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழே. எந்த அரசும் இதே கணக்கைத்தான் போடும். ஆனால் ஒரு வழக்கத்தை இத்தனை ஆண்டுகள் கண்டும் காணாமல் விட்டுவிட்டு, பிறகு ஒரே மூச்சில் குற்றமாக்கும்போது, விழும் சுமை வாக்கை நம்பியவர் மேல்தான் விழுகிறது. நம் சகோதரர்கள் இன்றும் "கஃபீல் நல்லவர்" என்ற ஒற்றை வரியை ஆவணமாக நினைத்து முதலீடு செய்கிறார்கள். நல்லவராகவே இருக்கட்டும், சட்டப்படியான முதலீட்டு உரிமம் இல்லாத கடையில் ஊர்ப் பணத்தைப் போடாதீர்கள்.

கஃபீல் என்ற சொல்லே ஒரு வேடிக்கை. அரசு ஆவணங்களில் இப்போது "வேலை தருபவர்" என்றுதான் இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்தின்படி, ஓராண்டு வேலை செய்தவர் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம், தானே போய் வருவதற்கான விசாவும் எடுக்கலாம். வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு ஓட்டுநர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் போன்றோர் அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் தெருவில் கேட்டுப் பாருங்கள்: "உன் கஃபீல் யார்?" என்பதுதான் இன்றும் முதல் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் சவூதிகூட இல்லை, நம்மவரே.

அழைக்கும் முறையிலும் இதே கதை. சவூதிகள் தங்களுக்குள் மூத்த மகனின் பெயரைச் சேர்த்து "அபூ ஃபஹத்", "அபூ சுல்தான்" என்று அழைத்துக்கொள்வார்கள். அது மரியாதை. பெயர் தெரியாத எந்த ஆணையும் "யா முஹம்மத்" என்று கூப்பிடுவது பொது வழக்கம். அதில் ஒரு குறையுமில்லை. நம் போன்றவர்களுக்கு என்று தனியே இரண்டு சொற்கள் இருக்கின்றன: ரஃபீக், சதீக். அகராதியைப் பார்த்தால் தோழன், நண்பன். ஆனால் ஒரு சவூதி தன் உண்மையான நண்பரை அந்தத் தொனியில் கூப்பிட மாட்டார். சொல் நட்பாகவும் தொனி ஏவலாகவும் இருக்கும்.

ஆளும் சொல்லும் இப்படி என்றால், அவர்கள் நம்மோடு பேசும் மொழியும் தனி ரகம். "இன்த ரூஹ்", "அனா மாஃபி மஃலூம்", "சேம் சேம்", "கம் நஃபர்?" இலக்கண அரபியும் இல்லை, ஜித்தாவின் ஹிஜாஸி வழக்கும் இல்லை. நமக்குப் புரிய வேண்டும் என்று அவர்கள் உடைத்துப் பேச, அதுதான் அரபி என்று நாம் கற்றுக்கொண்டு அவர்களுக்கே திருப்பிச் சொல்ல, இரு தரப்பும் சேர்ந்து கட்டிய மொழி அது. முப்பது வருடம் இருந்துவிட்டு "மாஃபி முஷ்கிலா" தாண்டாதவர்கள் உண்டு. குர்ஆனை அரபியில் ஓதத் தெரிந்தவர்கள் ஓர் அரபியிடம் ஒழுங்கான ஒரு வாக்கியம் பேச முடியாமல் நிற்பது நமக்கு உறுத்த வேண்டும். ஒருமுறை அரசு அலுவலகம் ஒன்றில் முன்னால் நின்ற தென்காசிப் பக்கத்துச் சகோதரர் திருத்தமான அரபியில் தன் குறையைச் சொன்னார். கவுண்டரில் இருந்த இளைஞர் தலையை நிமிர்த்தி, "ரஃபீக்" என்று தொடங்கியவர் நிறுத்தி, "தஃபள்ளல், யா ஷைக்" என்றார். தாடி நரைத்தவர்களை அப்படி அழைப்பதும் இங்கே வழக்கம்தான். ஆனால் அதே வரிசையில் இருந்த மற்ற நரைத்த தாடிகளுக்கு அது கிடைக்கவில்லை.

வரிசை என்றதும் ஒரு துணைத் தகவல். 2019-இல் வந்த பொது ஒழுக்க விதிகளில், வரிசையைத் தாண்டிப் போனால் 50 ரியால் அபராதம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தமீஸ் கடை வாசலில் அதை நடைமுறைப்படுத்தினால் கஜானா நிரம்பிவிடும்.

கஹ்வா தனிக் கதை. ஏலக்காய் மணக்கும் வெளிர் காபியை, பிடியில்லாத சிறு கிண்ணத்தில், அடியில் கொஞ்சமாக ஊற்றித் தருவார்கள். ஊற்றுபவர் குவளையை இடக்கையில் பிடித்து வலக்கையால் ஃபின்ஜானை நீட்டுவார். நிறைய ஊற்றினால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று பொருள்படும். போதும் என்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் வாய் நிறைய "ஷுக்ரன், ஷுக்ரன்" என்று சொல்லிக்கொண்டே ஏழெட்டுக் கிண்ணம் குடித்த புதியவர்கள் ஏராளம். 2022-ஐ "சவூதி காபி ஆண்டு" என்று அறிவித்து, உணவகப் பட்டியல்களில் "அரபுக் காபி" என்பதை "சவூதி காபி" என்று மாற்றச் சொன்னார்கள். அதே ஆண்டு முதல் பிப்ரவரி 22 ஸ்தாபக தினம். இப்போது பள்ளிப் பிள்ளைகள் அந்த நாளில் பாட்டனார் காலத்து உடை அணிந்து கஹ்வா ஊற்றிக்கொடுக்கும் படங்கள் எல்லாப் போன்களிலும் வருகின்றன. வீட்டுக் கூடத்தில் இருந்த வழக்கம் தேசிய அடையாளமாக மேடை ஏறிவிட்டது. கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் யமனியரும் சூடானியரும் அதே கிண்ணத்தில்தான் குடிக்கிறார்கள் என்பதைப் பெயர்ப்பலகை மறைத்துவிடுகிறது.

யாரும் ஆணையிடாமல் வந்தவை, அதனால் யாரும் எடுக்க முடியாதவை சில இருக்கின்றன. வீட்டு மதில்களில் வெளிப்பக்கமாகப் பொருத்தப்பட்ட குளிர்நீர்க் குழாய்கள். ஸபீல் என்பார்கள், பெரும்பாலும் இறந்துபோன தாய் தகப்பன் பெயரில் வைத்த ஸதகா. வெயிலில் நடந்து வரும் துப்புரவுத் தொழிலாளி நிறுத்தி நிதானமாகக் குடிப்பார், புட்டியில் பிடித்துக்கொள்வார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது அரசு விதி. அந்த விதி வருவதற்கு முன்பும் குழாய் இருந்தது, விதி தீண்டாத நேரத்திலும் இருக்கிறது. அதேபோல் மிஞ்சிய ரொட்டியைக் குப்பையோடு போடாமல், பிளாஸ்டிக் பையில் கட்டித் தொட்டிக்கு வெளியே தொங்கவிடும் பழக்கம். நிஃமத் காலடியில் படக்கூடாது என்பது எண்ணம். ஆடு வளர்ப்பவர் எவராவது வந்து எடுத்துப்போவார். பூனைகளுக்கும் ஒவ்வொரு தெருவிலும் யாரோ ஒருவர் தட்டு வைக்கிறார்.

2021 அக்டோபரில் தொடங்கி ஜித்தாவின் தெற்கிலும் நடுவிலும் இருந்த 60-க்கும் மேற்பட்ட பகுதிகளை இடிக்கும் பணி நடந்தது. குலைல், பெட்ரோமின், கரன்தீனா, ஹிந்தாவிய்யா, நுஸ்லா யமானிய்யா. திட்டமில்லாமல் வளர்ந்தவை, குற்றங்கள் மலிந்தவை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரக் குடிமக்களுக்கு இழப்பீடு அறிவித்தார்கள். வாடகைக்கு இருந்த வெளிநாட்டவருக்கு அதில் இடமில்லை. ஹஜ்ஜுக்கு வந்து தங்கிப்போன ஆப்பிரிக்கர்கள், பர்மியர்கள், இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கு எளிதில் கிடைக்காது. மலிவான அறைகள் அங்கேதான் இருந்தன. அவை போனதும் ஷரஃபிய்யா, பவாதி, பனீ மாலிக் பக்கம் வாடகை ஏறியதை நம்மவர்கள் உணர்ந்தார்கள். கட்டில் வாடகைக்குக்கூடப் பேரம் பேச முடியவில்லை.

இடிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் தெற்குப் பக்கம் போயிருந்தேன். சுவரில் சிவப்பு மையால் "இஃக்லா", காலி செய் என்று எழுதிய வீடுகள். ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். ஒரு மதிலில் ஸபீல் குழாய் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் குளிர்ந்தே வந்தது. மின்கட்டணத்தை யார் கட்டிக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. இடிக்கும் இயந்திரத்தின் ஓட்டுநர், பாகிஸ்தான்காரர், இறங்கிவந்து குடித்துவிட்டு, தன் பெரிய பிளாஸ்டிக் குடுவையையும் நிரப்பிக்கொண்டு மறுபடி ஏறினார். அன்று அந்த வீட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வீட்டிலிருந்து தொடங்கினார்.